ஒன்பது முறை விழுந்த ஆர்.சி.சி.பி.: ஒரு தோட்டக் கொட்டகை வயரிங்கின் ஆய்வு

ஐப்பசி மழை தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஈரோட்டுப் பக்கம் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் போன் செய்தார். "மழை வந்தா வீட்டுல மொத்தக் கரண்டும் போயிருது தம்பி. மழை விட்டு ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சுத் தூக்குனாத்தான் நிக்குது" என்றார். ஏற்கெனவே ஒருவர் வந்து, மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் ஆர்.சி.சி.பி. என்ற கருவி கெட்டுவிட்டது என்று சொல்லிப் புதிதாக மாற்றிக் கொடுத்திருக்கிறார். புதியதும் அடுத்த மழைக்கே விழுந்தது. அப்புறம் வந்தவர், "இந்தப் பெட்டியே தொந்தரவு, கழட்டிட்டு நேரா லைன் குடுத்தரலாம்" என்று யோசனை சொல்லிப் போயிருக்கிறார். அதைச் செய்து தரத்தான் என்னைக் கூப்பிட்டார்.

கழற்றுவதற்கு முன் ஒரு நாள் பார்த்துவிடுகிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொண்டார். இதைச் சொல்ல முக்கியக் காரணம் அந்த ஒத்துக்கொள்ளல்தான். மழையில் இருட்டில் உட்கார்ந்து அலுத்துப்போனவர்கள் பலர் அதற்குச் சம்மதிப்பதில்லை.

நான் போனது ஒரு காலை வேளை. முந்தைய நாள் மாலை மழை பெய்து மண் ஈரமாக இருந்தது, ஆனால் விடிகாலை முதல் கரண்ட் நின்றுகொண்டிருந்தது. சார் ஒரு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். கணக்கு வாத்தியார் கை. ஒவ்வொரு முறை விழுந்தபோதும் தேதி, நேரம், மழை உண்டா இல்லையா, அந்த நேரத்தில் வீட்டில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று எல்லாம் எழுதி வைத்திருந்தார். மொத்தம் ஒன்பது வரி. எட்டு வரிக்கு எதிரே "மழை". ஒரே ஒரு வரியில் மட்டும்: "ஞாயிறு, காலை 10.20, நல்ல வெயில்." நாலு நாளாக மழையே இல்லாத இடைவெளி அது. அந்த வரியைப் பார்த்துவிட்டு அப்போதைக்கு விட்டுவிட்டேன்.

மழைக்கும் மின்கசிவுக்கும் தொடர்பு என்றால் முதலில் வீட்டுக்கு வெளியே போகும் வயரைத்தான் தேட வேண்டும். வெளியே என்ன இருக்கிறது என்று கேட்டேன். பின்பக்கம் ஒரு கொட்டகை. சவுக்குக் கம்பம் நட்டு, சுற்றிலும் மேலேயும் தகரம் அடித்தது. மண்வெட்டி, உரம், ஒரு அரைக் குதிரைத்திறன் மோட்டார், ஒரு எல்.இ.டி. டியூப் லைட். தொட்டித் தண்ணீரை வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் பாய்ச்ச அந்த மோட்டார். ஆடி மாதம் வயரிங்கைத் தானே செய்ததாகச் சார் சொன்னார். சமையலறைக் கதவோரம் உள்ள 16 ஆம்பியர் பிளக்கிலிருந்து வயர் இழுத்திருக்கிறார்.

"ஆனா கொட்டகை காரணம் இல்லீங்க தம்பி. அங்க இருக்கிற சுவிட்ச் எல்லாத்தையும் அமத்திப் போட்டுத்தான் பாத்தேன். அப்பவும் விழுந்துச்சு."

பலர் சறுக்குகிற இடம் இது. ஒரு சுவிட்சை அணைத்தால், அந்தச் சுவிட்சுக்கு அப்பால் இருப்பதுதான் துண்டிக்கப்படும். இங்கே வீட்டுக்கும் அந்தச் சுவிட்சுக்கும் நடுவில் 22 மீட்டர் வயர் இருக்கிறது. அதில் கசிந்தால் கொட்டகைச் சுவிட்சால் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்று, சுவிட்ச் வெட்டுவது கரண்ட் வரும் பேஸ் வயரையா, அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரையா என்று யாரும் பார்க்கவில்லை. கொட்டகை காரணமா இல்லையா என்று தீர்க்க ஒரே வழி, வீட்டுப் பக்கத்துப் பிளக்கையே உருவி வைப்பது. அந்தப் பிளக் கிரைண்டருக்குப் பின்னால் இருந்ததால் யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

உருவுவதற்கு முன் ஒரு அளவு எடுத்தேன். மில்லி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரைப் பேஸ், நியூட்ரல் இரண்டு வயரையும் சேர்த்துச் சுற்றிப் போட்டேன். போன கரண்ட் முழுக்கத் திரும்பி வந்தால் அது பூஜ்ஜியம் காட்ட வேண்டும். 14 மில்லி ஆம்பியர் காட்டியது. ஆர்.சி.சி.பி. செய்வதும் இதே வேலைதான். போவதையும் வருவதையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும், வித்தியாசம் அளவைத் தாண்டினால் வெட்டிவிடும். இந்த வீட்டில் இருந்தது 30 மில்லி ஆம்பியர் வகை. அது பாதியளவான 15 மில்லி ஆம்பியருக்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழலாம், 30ஐத் தொட்டால் விழுந்தே ஆக வேண்டும். ஆக, மழை இல்லாத அந்தக் காலையிலேயே அது விளிம்பில் நின்றிருந்தது. கரண்ட் அளவுக்கு மீறி ஓடினால் மட்டும் வெட்டும் வீட்டு எம்.சி.பி.க்கு இது தெரியவே தெரியாது. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 14 மில்லி ஆம்பியர் என்பது ஒன்றுமே இல்லை.

அப்புறம் கொட்டகைக்குப் போனேன். சார் டியூப் லைட்டைப் போட்டு அணைத்துக் காட்டினார். அணைத்த பிறகும் டியூப் முழுக்க இருட்டாகவில்லை. உள்ளே மங்கலாக ஒரு வெளிச்சம் தங்கியிருந்தது. "அது அப்படித்தான், வாங்குனதுல இருந்தே" என்றார். எனக்கு அதுதான் முதல் துப்பு. சுவிட்ச் நியூட்ரலை மட்டும் வெட்டி, பேஸ் விளக்கிலேயே நின்றுகொண்டிருந்தால் எல்.இ.டி. இப்படித்தான் மினுங்கும். வேறு காரணமும் இருக்கலாம், ஆனால் பார்க்காமல் விடக்கூடாது.

டெஸ்டரை எடுத்து பிளக் பாயின்டில் வைத்தேன். நேராகப் பார்க்கும்போது வலது துளையில் பேஸ் இருக்க வேண்டும். அது இருட்டு. இடது துளையில் டெஸ்டர் எரிந்தது. மேலே பெரிய துளை, எர்த். அதிலும் எரிந்தது. சுவிட்ச் பாக்ஸ் இரும்புப் பெட்டி. அதன் மூலைத் திருகாணியில் வைத்தேன், எரிந்தது. பெட்டி தகரச் சுவரில் திருகப்பட்டிருந்தது. தகரத்தில் வைத்தேன், அதிலும் எரிந்தது.

சாரையும் வாசலில் நின்ற வீட்டு அம்மாவையும் எதையும் தொடாமல் வெளியே வரச் சொன்னேன். உள்ளே போய்ப் பிளக்கை உருவினேன். திரும்பி வந்து பார்த்தால் டெஸ்டர் எங்கேயும் எரியவில்லை.

டெஸ்டர் எரிந்ததை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. எர்த் இல்லாத தகரத்தில் பக்கத்து வயரின் தூண்டலாலேயே டெஸ்டர் மங்கலாக எரியும், டிஜிட்டல் மீட்டரும் 60, 80 வோல்ட் என்று காட்டும், கையளவு கரண்ட்கூட அதில் இருக்காது. அதனால் மற்ற சோதனை எல்லாவற்றையும் கரண்ட் இல்லாமல் செய்தேன். உருவிய பிளக்கை ஒரு நீள வயரில் கொட்டகை வரை தொடர்பு கொடுத்து, மின்தடையை அளக்கும் ஓம் மீட்டரில் எந்த முள் எந்தத் துளைக்குப் போகிறது என்று பார்த்தேன்.

பிளக்கின் பேஸ் முள், கொட்டகையின் இடது துளைக்குப் போனது. நியூட்ரல் முள், சுவிட்ச் வழியாக வலது துளைக்குப் போனது. இடது துளைக்கும் மேலே உள்ள எர்த் துளைக்கும் நடுவில் 0.1 ஓம். அதாவது நேரடித் தொடர்பு.

பெட்டியைத் திறந்தேன். பிளக் பாயின்டின் பின்புறம், நியூட்ரல் திருகாணிக்கும் எர்த் திருகாணிக்கும் நடுவே விரல்கடை நீளச் செம்புக் கம்பி ஒன்று. நேர்த்தியாக வளைத்து, இரண்டு பக்கமும் இறுக்கி முடுக்கப்பட்டிருந்தது. அங்கிருந்து இன்னொரு துண்டு இரும்புப் பெட்டிக்கும் போயிருந்தது.

சார் ஒளிக்கவில்லை. வாங்கிய வயர் இரண்டு கோர். எர்த்துக்குத் தனி வயர் இல்லை. மோட்டாரின் பிளக்கோ மூன்று முள். "நியூட்ரலும் கடைசியில டிரான்ஸ்பார்மர்ல பூமியிலதான சேருது, அதனால இங்கயே சேத்துட்டேன்" என்றார். யோசித்துச் செய்த வேலைதான். நியூட்ரல் டிரான்ஸ்பார்மரில் பூமியோடு சேர்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்தாலோ, பேஸும் நியூட்ரலும் இடம் மாறினாலோ, எர்த் என்று நம்பித் தொடுகிற ஒவ்வொரு உலோகமும் 230 வோல்ட்டில் நிற்கும். இங்கே இடம் மாறியிருந்தது. மோட்டார் பாடி, இரும்புப் பெட்டி, நாலு பக்கத் தகரம், எல்லாம் பேஸ். கொட்டகைச் சுவிட்சை அணைத்தாலும் அப்படியேதான். அந்தச் சுவிட்ச் வெட்டியது நியூட்ரலை.

எங்கே இடம் மாறியது?

வயரைத் தொடர்ந்து போனேன். 15 மீட்டர் சுருளில் தூரம் பத்தவில்லை, வீட்டில் கிடந்த பழைய துண்டை ஏழு மீட்டருக்கு ஒட்டியதாகச் சார் சொன்னார். இணைப்பு மண்ணுக்குள் இருந்தது, எந்த இடம் என்று அவருக்கு நினைவில்லை. வரிசையாகத் தோண்டலாம், ஆனால் செடிகள் பாழாகும். அதனால் வேறு வழி. கொட்டகை முனையில் இரண்டு வயரையும் கழற்றி விட்டேன். விளக்கும் மோட்டாரும் தொடர்பில் இல்லை. வீட்டுப் பக்க முனையில் பேஸ் வயருக்கும், ஈர மண்ணில் குத்திய ஒரு இரும்புக் கம்பிக்கும் நடுவே மீட்டர் போட்டேன். சுமார் 16,000 ஓம். நல்ல வயருக்கு இது குறைந்தது 10 லட்சம் ஓமாவது இருக்க வேண்டும். அம்மாவிடம் ஒரு குடம் தண்ணீர் கேட்டேன். வயர் போகும் வழியில் வீட்டுச் சுவரோரம் ஊற்றினேன், மீட்டர் அசையவில்லை. வாழைக்குப் பக்கத்தில் ஊற்றினேன், அசையவில்லை. செம்பருத்திச் செடியின் அடியில் ஊற்றியதும் எண்கள் மடமடவென்று இறங்கி 6,000 ஓமில் வந்து நின்றன. 230ஐ 6,000ஆல் வகுத்தால் 38 மில்லி ஆம்பியர் சொச்சம். மழைக்கு விழுந்த எட்டு வரிக்கும் விடை கிடைத்துவிட்டது. காலையில் கிளாம்ப் மீட்டர் காட்டிய 14ம், 16,000 ஓமும் ஒன்றுக்கொன்று பொருந்திப் போயின.

அங்கே நாலு விரல் ஆழத்தில்தான் இருந்தது. ஒரு பி.வி.சி. வளைவுக் குழாய்க்குள் இணைப்பைச் சொருகி, இரண்டு வாயும் திறந்தபடி. உள்ளே சேற்றுத் தண்ணீர். கறுப்பு டேப் பசை விட்டு நெகிழ்ந்து, தொட்டதும் கையோடு வழுவி வந்தது. அதனடியில் செம்பு இழைகள் பச்சை பூத்திருந்தன, ஒரு பக்கம் பாதி இழைகள் அற்றுப்போயிருந்தன. இன்சுலேஷன் டேப் வீட்டுக்குள் உலர்ந்த இடத்துக்கு ஆனது. மண்ணுக்குள் ஒரு மழைக்காலம்கூட அது தாங்காது.

நிறம் மாறியதும் அங்கேதான். வீட்டுப் பக்கத்து வயர் சிவப்பும் கறுப்பும். ஒட்டுப் போட்ட துண்டு பிரவுனும் நீலமும். சார் கறுப்பைப் பிரவுனோடு சேர்த்திருக்கிறார், சிவப்பை நீலத்தோடு. கேட்டால், "ரெண்டும் அடர் நிறம்னு சேத்தேன்" என்றார். நம் ஊரில் காலம் காலமாகச் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புதிதாக வரும் வயர்களிலும் கருவிகளோடு வரும் வயர்களிலும் பிரவுன் பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் பட்டை எர்த். இரண்டு முறையும் ஒரே வீட்டில் கலந்து கிடக்கின்றன. கறுப்புக்கு இணை நீலம் என்பது தெரியாதவருக்குக் கறுப்பும் பிரவுனும் ஜோடி என்றுதான் தோன்றும். கண்ணை நம்பாமல் மீட்டரில் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவரிடம் மீட்டர் இல்லை. லைட் எரிந்தது, மோட்டார் ஓடியது. இடம் மாறினாலும் லைட் அதே வெளிச்சத்தில்தான் எரியும், மோட்டார் அதே பக்கம்தான் சுற்றும். வேலை செய்கிறது என்பதைத் தவிர அவருக்கு வேறு சாட்சி கிடைக்கவில்லை.

வயரின் பருமனும் சரியில்லை. ஒரு ஸ்கொயர் எம்.எம். வயர், போகவர 44 மீட்டர், கிட்டத்தட்ட 0.85 ஓம். ஓடும்போது நாலு ஆம்பியர் எடுக்கும் மோட்டார், கிளம்பும் நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அப்போது வயரிலேயே 17 வோல்ட் போல் காணாமல் போகும். பாதி இழை அற்ற இணைப்பு அதற்கு மேல். மோட்டார் போடும்போது லைட் மங்கியதற்கும், சில நாள் மோட்டார் உறுமிக்கொண்டே நின்றதற்கும் அதுதான் காரணம். 16 ஆம்பியர் எம்.சி.பி.யின் கீழ் இந்த மெல்லிய வயரை மாட்டியதால், வயர் சூடேறி உருகினாலும் எம்.சி.பி. பேசாமல் இருந்திருக்கும்.

இத்தனை நாள் யாருக்கும் எப்படி ஒன்றும் ஆகவில்லை என்பது அடுத்த கேள்வி. சவுக்குக் கம்பம் வெயிலில் காய்ந்திருந்தது, காய்ந்த மரம் கரண்டைக் கடத்தாது. மோட்டாரை அதிர்வு குறையட்டும் என்று பழைய மரப்பலகை மேல் வைத்திருந்தார். குழாய் எல்லாம் பி.வி.சி. ரப்பர் செருப்புப் போட்டுத்தான் சார் தோட்டத்துக்குப் போவார். பேஸில் நின்ற தகரத்துக்குப் பூமிக்குப் போக வழியே இல்லாமல் இருந்தது.

அப்படியென்றால் அந்த ஒன்பதாவது வரி என்ன? நாலு நாளாகக் காய்ந்த மண்ணில் செம்பருத்தி அடியிலிருந்து 30 மில்லி ஆம்பியர் கசியாது. வேறு ஏதோ ஒரு வழி அந்த ஒரு நொடிக்கு மட்டும் திறந்திருக்கிறது. கொட்டகையை மறுபடி ஒரு சுற்றுச் சுற்றினேன். பின்பக்கத் தகரத்தைப் பிடித்திருந்த போல்ட்டில் ஒரு கம்பி முடிச்சு. துத்தநாகம் பூசிய இரும்பு, ஜி.ஐ. கம்பி. அது முருங்கை மரம் வரை போனது. அதில் ரெண்டு துண்டும் ஒரு சேலையும் தொங்கிக்கொண்டிருந்தன.

கொடிக்கம்பி.

"அந்த ஞாயித்துக்கிழமை பத்து மணி போல யாராவது இந்தப் பக்கம் இருந்தீங்களா?" என்று கேட்டேன். சார் இல்லை என்று தலையாட்டினார், அவர் உள்ளே டி.வி. பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்கள்: "நான் போர்வை தொவச்சுக் காயப் போட்டுட்டு இருந்தனுங்க. செருப்பைக் கல்லுக்கிட்டயே வுட்டுட்டு வந்துட்டேன். கம்பியப் புடிச்சதும் கையை யாரோ வெடுக்குனு இழுத்த மாதிரி இருந்துச்சு. தோள்பட்டை ரெண்டு நாளு வலிச்சுது. போர்வை கனம், நரம்பு புடிச்சுக்கிச்சுன்னு தைலம் தேச்சேன்."

உள்ளே டி.வி. அணைந்ததை அம்மா பார்க்கவில்லை. வெளியே நடந்ததை சார் பார்க்கவில்லை. சார் நோட்டைத் திறந்து அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

நடந்தது இதுதான். ஈரக் கை, ஈரப் போர்வை, துவைக்கிற கல்லைச் சுற்றி ஈர மண், வெறுங்கால். கொடிக்கம்பியிலிருந்து அம்மா வழியாகக் கரண்ட் பூமிக்குப் போனது, ஆர்.சி.சி.பி. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வெட்டியது. ஈர உடம்பின் தடையை ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டால் 230 மில்லி ஆம்பியர் வரை போகக்கூடிய வழி அது. அந்த அளவு ஒரு நொடி நீடித்தாலே இதயத் துடிப்பு குலைந்துபோகலாம். எம்.சி.பி. மட்டும் இருந்திருந்தால் விழுந்திருக்காது. கழற்றிவிடலாம் என்று யோசனை சொன்னவர் வந்துபோனது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டேன். மூன்று நாள் முன்னால் என்றார் சார். சார் அன்றே செய்யச் சொல்லியிருக்கிறார், வந்தவர் கையில் வேறு வேலை இருந்ததால் தள்ளிப்போயிருக்கிறது. நம் ஊரில் மழைக்காலத்துச் செய்தித்தாளைப் புரட்டினால், துணி காயப் போட்டபோது மின்சாரம் தாக்கியது என்ற செய்தி கண்ணில் படாமல் போகாது. அதனாலேயே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சரி, செய்த வேலை. பழைய வயர் முழுவதையும் பிடுங்கி எறிந்தோம், ஒட்டிப் பிழைக்கவைக்க எதுவும் இல்லை. வீட்டு இணைப்புகள் பிரியும் டி.பி. பெட்டியிலேயே, வீட்டு ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலிருந்து கொட்டகைக்கென்று தனி இணைப்பு. எம்.சி.பி.யும் மின்கசிவுப் பாதுகாப்பும் ஒன்றாக உள்ள ஆர்.சி.பி.ஓ., 16 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர். இனித் தோட்டத்தில் கசிவு வந்தால் தோட்டம் மட்டும்தான் அணையும், வீடு இருட்டாகாது. வீடு இருட்டாவதால்தான் மனிதர்கள் பாதுகாப்புக் கருவியையே கழற்றத் துணிகிறார்கள், அதனால் இதைக் கூடுதல் வசதி என்று நான் நினைப்பதில்லை. கொட்டகை வரை மூன்று கோர் 2.5 ஸ்கொயர் எம்.எம். ஆர்மர்டு (இரும்புக் கவசம் போட்ட) கேபிள், நடுவில் ஒட்டே இல்லாமல் ஒரே நீளம். இரண்டரை அடி ஆழக் குழி, அடியில் மணல், மேலே மணலும் செங்கல் வரிசையும். நாளைக்கு யாராவது மண்வெட்டியால் வெட்டினால் முதலில் செங்கலில் பட வேண்டும்.

கொட்டகையில் இரும்புப் பெட்டிக்குப் பதில் பிளாஸ்டிக் பெட்டி, பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் இரட்டைத் துருவ சுவிட்ச். அந்தச் செம்புத் துண்டை எடுத்துவிட்டு, வீட்டு எர்த்தை மூன்றாவது கோர் வழியாகக் கொண்டுவந்தேன். மோட்டார் பாடியும் தகரமும் பச்சை வயரால் அதோடு சேர்ந்தன. வீட்டு எர்த் குழியை எர்த் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் இதைச் செய்தேன், 4.2 ஓம் காட்டியது. எர்த் சரியில்லாத வீட்டில் தகரத்தை அதோடு சேர்ப்பது வீட்டுக் கோளாறைத் தோட்டத்துக்குக் கடத்துவதாகிவிடும்.

முடித்ததும் வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரில் பார்த்தேன். மூன்று கோருக்கும் நடுவில் 200 மெகா ஓமுக்கு மேல். ஆர்.சி.பி.ஓ.வை சோதனைக் கருவி வைத்து இழுத்தபோது 22 மில்லி ஆம்பியரில் விழுந்தது. அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். அந்த வேலையை அம்மா தான் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

சாரை நான் குறை சொல்லவில்லை. கொட்டகைக்குத் தகரம் அடித்ததும், மோட்டாருக்குக் குழாய் பூட்டியதும் எல்லாம் அவர் கைதான், ஒவ்வொன்றும் நேர்த்தி. மோட்டார் பிளக்கை மாற்றுவது, டியூப் மாட்டுவது இவற்றை வீட்டில் செய்துகொள்ளலாம். மண்ணுக்குள் வயர் போவதற்கும், எர்த் சம்பந்தப்பட்ட எதற்கும் தகுதிச் சான்று உள்ள வயர்மேனைக் கூப்பிட வேண்டும், அவர் மெக்கர் கொண்டுவருகிறாரா என்றும் பார்க்க வேண்டும். முதலில் வந்த இரண்டு பேரும் மெக்கரை வெளியே எடுக்கவே இல்லை என்று சார் சொன்னார்.

அடுத்த வாரம் இரவு முழுக்கக் கொட்டித் தீர்த்தது. காலை ஆறு மணிக்கே போன். "விழலீங்க தம்பி." நோட்டில் அதையும் எழுதியிருக்கிறார், தேதி போட்டு, மழை என்று. கொடிக்கம்பியை அவிழ்த்தாயிற்று. துணி இப்போது வீட்டு முன்பக்கம், இரண்டு மரக்கம்பத்துக்கு நடுவில் நைலான் கயிற்றில் காய்கிறது.